சிரித்த முகம் போட்ட தண்ணீர் பில்

என் மனைவிக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை. தண்ணீர் விடுவது மற்றவர்கள் பாடு. மக்களைக் கொஞ்சமாகச் செலவழிக்க வைப்பது இவள் பாடு. ஒழுகும் குழாயை வீடு வீடாகப் போய்க் கண்டுபிடிப்பதால் 'சொட்டு மேடம்' என்று பட்டப்பெயர். சொட்டு மேடத்தைக் கட்டிக்கொண்ட தையல்காரன் நான். தைரியசாலி என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் கோடையில் ஏரி பாதியாக வற்றியதும், எங்கள் பகுதிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் என்று பெரிய என்ஜினியர் சொல்லிவிட்டார். இவள் விடவில்லை. இரண்டு மாதம் கொடுங்கள், வீட்டுக்கு மாதம் பதினெட்டு யூனிட்டாக இருக்கும் சராசரியைப் பதினாறாக்கிக் காட்டுகிறேன், தண்ணீரைத் தினமும் விடுங்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். தோற்றால் தெருவே இவளைத்தான் ஏசும்.

ஒவ்வொரு பில்லிலும் ஒரு வரி சேர்த்தாள்: உங்கள் வீட்டில் இவ்வளவு, இந்தப் பகுதியின் சராசரி இவ்வளவு. அதிகம் செலவழிப்பவர்கள் வெட்கப்பட்டுக் குறைப்பார்கள் என்பது அவள் எண்ணம். அவர்களும் வெட்கப்பட்டார்கள், குறைத்தார்கள். ஆனாலும் மாதக் கடைசியில் சராசரி பத்தொன்பது.

காரணம் புரியாமல் தெருத்தெருவாக அலைந்தாள். கடைசியில் மாடி வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரர் பிடிபட்டார். வாரம் ஒருமுறை கார் கழுவியவர் இப்போது தினமும் கழுவிக்கொண்டிருந்தார்.

"சராசரி பதினெட்டுன்னு நீங்கதானே எழுதினீங்க? நான் பதினொண்ணுதான். மிச்சம் ஏழு எனக்கு வர வேண்டியதுதானே?"

இப்படியே நூறு வீடு. சிக்கனமாக இருந்தவர்களுக்கு நீங்கள்தான் ஏமாளிகள் என்று இவளே எழுதி அனுப்பியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். பிறகு அழுதாள். எனக்கு அவள்மேல் அப்போது வந்த பிரியத்துக்கு அளவில்லை.

"நல்லா இருந்தவங்ககிட்ட நீங்க நல்லா இருக்கீங்கன்னு யாருமே சொல்லலைங்க. அதான் தப்பு."

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க, முந்தின மாதம் பதினாறுக்குக் கீழே இருந்த வீடுகளின் புதுப் பில்களில் பேனாவால் சிரித்த முகம் வரைந்தோம். நான் வரைந்தவையெல்லாம் பல்வலிக்காரன் மாதிரியே வந்தன. பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

பில் போனதும் தெருவுக்குப் பித்துப் பிடித்தது. டிரைவிங் ஸ்கூல்காரர் பில்லில் வந்த முகத்தைக் கார் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு, ஈரத்துணியால் மட்டும் காரைத் துடைத்தார். மருந்துக்கடைக்காரர் மனைவிக்கு முகம் கிடைத்ததால் நாத்தனார் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார் சட்டைக்கு அளவு கொடுக்கிற சாக்கில் கடைக்கு வந்து, தன் பில்லிலும் ஒரு சின்ன முகம் போட்டுத் தர முடியுமா என்று காதோடு கேட்டார். மறுத்ததும் மூன்று நாள் குளிக்கவில்லை. நாங்கள்தான் கெஞ்சிக் குளிக்க வைத்தோம்.

கெடு முடிந்த அன்று கணக்கெடுப்பு. என்னால் ஒரு தையல்கூட நேராகப் போடமுடியவில்லை. மத்தியானம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே ஓடினேன்.

"பதினஞ்சரை," என்றாள். குழாயைத் திறந்து கையை நீட்டினாள். "நாளைக்கும் வரும்ங்க. தினமும் வரும்."

மூடத் தோன்றாமல் அப்படியே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் அடியில் ஒரு பாத்திரத்தை வைத்தேன்.