கடவுளைத் திட்டும் பாட்டு

பக்கவாதம் வந்ததிலிருந்து தையல்காரியின் கணவருக்குப் பேச்சு இல்லை. அதற்கு முன் அவர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். மனைவி சொந்தமாகக் கட்டிப் பாடும் பாட்டுகளையும் சும்மா விட்டதில்லை. இப்போது குறை சொல்ல ஆளில்லாததால், அவள் மிஷினை மிதித்துக்கொண்டே கடவுளைத் தாராளமாகத் திட்டிப் பாடினாள்.

“யாருக்குக்கா இந்தக் கச்சேரி?” என்றாள் பட்டன் தைத்துக்கொண்டிருந்த ஓரகத்தி. “ஒருத்தரால பேச முடியல. இன்னொருத்தர் பேசினதே இல்ல.”

“ரெண்டு பேருக்கும் காது இருக்குடி. திட்டிக்கிட்டே இருந்தா யாராவது ஒருத்தர் வாயைத் திறக்காமலா போயிடுவாங்க?”

அன்றைய பாட்டில் கடவுள், துணியை வாங்கி வைத்துக்கொண்டு நாளைக்கு வா என்று இழுத்தடிக்கும் தையல்காரராக ஆகியிருந்தார்.

“ஊசி தொலைந்ததோ, உன் நூல்தான் அறுந்ததோ, பாசி வழுக்கியதோ, பரமனே...”

கட்டிலிலிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது.

“மட்டம்.”

மிஷின் நின்றது. ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“யாரைச் சொல்றீங்க? என்னையா, அவரையா?”

அவர் உதட்டோடு வெகுநேரம் போராடினார்.

“பா... பாசி.”

“எதுகைக்காகப் போட்டேன். இருங்க, வேற போடுறேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வார்த்தையும் வரட்டும் என்று, அதைவிட மட்டமாக ஒரு வரியைக் கட்டத் தொடங்கினாள்.