பால்டிமோரில் நண்டும் முள்கரண்டியும்

போன செப்டம்பரில் எங்கள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி என்னையும் செல்வத்தையும் மூன்று வாரப் பயிற்சிக்கு அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுக நகரத்துக்கு அனுப்பியது. அடுத்த குழு இந்த மாதம் கிளம்புகிறது. அங்கே என்ன சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஊரை விட என் வெட்கம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

நான் வல்லக்கோட்டைக்காரன், ஷிப்ட் இன்சார்ஜ். செல்வம் கோவில்பட்டிப் பக்கம். என் லைனில் டிரெயினி. கிளம்பும் முன் கேன்டீனில் எங்களுக்கு அரை நாள் வகுப்பு நடந்தது. இட்லியைக் கத்தியால் வெட்டி, முள்கரண்டியால் குத்தித் தின்னப் பழக்கினார்கள். வெளியே எங்கும் கையால் சாப்பிடக் கூடாது, கம்பெனி மானம் போய்விடும் என்றார்கள். நான் ஒரு படி மேலே போனேன். இருவரும் சேர்ந்து தங்கிய ஹோட்டல் அறையில் குக்கரில் வைத்த சோற்றைக்கூட செல்வம் முள்கரண்டியால்தான் தின்ன வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

இரண்டாவது வாரம் அவன் ஊருக்குப் போகிறேன் என்று ஆரம்பித்தான். பயிற்சியை முடிக்காமல் திரும்பினால் வேலை நிரந்தரமாகாது என்று தெரிந்தும் சொன்னான். பாத்ரூமில் வேறு நெடுநேரம் இருந்தான். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று ஓம வாட்டர் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் குடித்தான்.

மனசு மாறட்டும் என்று சனிக்கிழமை ஊர் சுற்றக் கூட்டிப்போனேன். எங்கள் ஹோட்டல் இருந்த விமான நிலையப் பக்கத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம் போனால் பழைய சந்தை. இருநூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. ஞாயிறு லீவு, போய் ஏமாறாதீர்கள். உள்ளே நண்டு கேக் கிடைக்கும். பேர்தான் கேக், ஆள் நம்ம வடை மாதிரி. வேகவைக்காத பச்சைச் சிப்பியை நின்றபடியே உறிஞ்சுகிறார்கள். எனக்குத் தைரியம் வரவில்லை.

அங்கிருந்து கரைக்கு நடந்து, படகு டாக்சியில் ஃபெல்ஸ் பாயின்ட் என்ற பழைய கப்பல்துறைப் பகுதிக்குப் போனோம். ஆறு டாலர் டிக்கெட்டில் நாள் முழுக்க ஏறி இறங்கலாம். கப்பல்காரர்கள் தங்கிய விடுதிகளும் அவர்களுக்குச் சாமான் விற்ற கடைகளும் செங்கல் தெருவில் இன்னும் நிற்கின்றன. அவற்றில் ஒன்றில், மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் நண்டுக் கடைக்குள் நுழைந்தோம்.

தட்டு கிடையாது. பரிமாறிய அம்மாள் மேசையில் பழுப்புக் காகிதத்தை விரித்து, சிவப்பு மசாலா தூவிய அவித்த நண்டுகளை அப்படியே கொட்டி, ஆளுக்கொரு மரச் சுத்தியலை வைத்தார். செல்வம் கையை நீட்டினான்.

"இன்னாடா பண்ற? கைய எடு. அல்லாரும் பாக்குறாங்க" என்று பல்லைக் கடித்தேன்.

அம்மாளைக் கூப்பிட்டுக் கத்தியும் முள்கரண்டியும் கேட்டேன். நிஜமாகவா என்று இரண்டு முறை கேட்டுவிட்டுக் கொண்டுவந்தார். கத்தியை வைத்து அழுத்தியதும் நண்டு வழுக்கிக்கொண்டு அடுத்த மேசைக்கு அடியில் போய் விழுந்தது. எடுக்கக் குனிந்து நிமிர்ந்தபோதுதான் மற்றவர்களைக் கவனித்தேன். கோட்டுப் போட்ட பெரிய மனிதர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் நண்டின் ஓட்டைச் சுத்தியலால் உடைத்து, விரலால் நோண்டி, அந்த விரலையும் சப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடையிலேயே கத்தி பிடித்திருந்தவன் நான் ஒருவன்தான். காது சூடாகிவிட்டது.

கையாலேயே சாப்பிடு என்று செல்வத்திடம் முனகினேன். இரண்டு நண்டு முடித்த பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ரூம்லயும் நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க. அதான்ணே, பாத்ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு கையால சோறு தின்னேன். அங்க வச்சு சோறு எறங்கல. அதுக்குத்தான் ஊருக்குப் போறேன்னேன்."

அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் இன்னும் அரை டஜன் சொல்லட்டுமா என்றுதான் வாயில் வந்தது.

செல்வம் பயிற்சியை முடித்தான். வேலையும் நிரந்தரமாயிற்று. போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நண்டு டஜன் நாற்பது டாலர், இரண்டு பேருக்கு அரை டஜன் போதும். மசாலா பட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள். பருப்புப்பொடி கொண்டுபோங்கள், அறையில் எப்படி வேண்டுமானாலும் சாப்பிடுங்கள். கூட வருபவனையும் நிம்மதியாகச் சாப்பிட விடுங்கள்.

போன வாரம் கேன்டீனில் செல்வம் சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்தான். நான் தட்டோடு போய் எதிரில் உட்கார்ந்தேன். பிசைந்த கை அப்படியே நின்றது. இடது கை ஸ்பூனைத் தேடியது.