வாத்தியக் கடைக்கு வழி சொன்ன கதை

1. வீணையும் புகையும்

நான் செய்த முதல் இணையத்தளத்தைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவருக்குக் கண் தெரியாது. அது எனக்குத் தெரியாமலேயே வேலையைத் தொடங்கிவிட்டேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கண்டி டவுனில் ஒரு சின்னக் கம்பியூட்டர் நிறுவனத்தில் வெப் டிசைனராகச் சேர்ந்திருந்தேன். ஊர் நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். எங்கள் குடும்பத்தில் ஏ லெவல் வரை போன முதல் ஆள் நான். அம்மாவிடம் என் வேலையை விளங்கப்படுத்த முடியாமல், "கம்பியூட்டருக்குள்ள கடை கட்டிக் குடுக்கிறேம்மா" என்று சொல்லி வைத்திருந்தேன். மேலாளர் என்னிடம் நேரடியாகவே சொல்லிவிட்டார்: இந்த ஒரு வேலையைக் கஸ்டமர் ஏற்றுக்கொண்டால் நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்.

கஸ்டமர் திகனயைச் சேர்ந்த முஸ்லிம் முதலாளி ஒருவர்; அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் அவரை நானா என்பார்கள். கண்டியில் வாத்தியக் கடை வைத்திருந்தார். வயலின், தபேலா, ஆர்மோனியம், பாடசாலை பேண்டுக்கு ட்ரம் எல்லாம் அங்கே கிடைக்கும். நான் படித்த வித்தை அத்தனையையும் அவருக்காக இறக்கினேன். ஹோம் பேஜ் முழுக்க ப்ளாஷ் அனிமேஷன். புகைக்குள்ளிருந்து வீணை எழும்பும். மவுஸைக் கொண்டுபோனால் தபேலா அதிரும். மெனுவை ஒரு வயலினின் தந்திகளுக்குள் ஒளித்து வைத்தேன். தந்தியைத் தொட்டால் அது இசைத்துக்கொண்டே அடுத்த பக்கம் திறக்கும்.

நானா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! டீவி மாதிரி ஈக்கி தம்பி. சரி, டீச்சர்ட வீட்டுக்குப் போவோம். அவ சரியென்டா எனக்கும் சரி."

டீச்சர் யாழ்ப்பாணத்தவர். குண்டசாலையில் வயலின் வகுப்பு நடத்தினார். அவர் கைகாட்டும் வயலினைத்தான் அவருடைய மாணவர்கள் நானாவின் கடையில் வாங்குவார்கள்.

2. பூட்டின வீடு

டீச்சரின் கம்பியூட்டர் திரையில் உள்ளதை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவர் எல்லாவற்றையும் செய்வார். என் தளத்தைத் திறந்ததும் குரல் "கிராபிக்" என்றது. பிறகு வாயைத் திறக்கவில்லை.

"தம்பி, உம்மட சைட் இன்னும் லோட் ஆகேல்லையோ?"

"ஆயிருச்சுங்க டீச்சர். வீணை மேல வருது."

"எங்க வருது?"

நான் திரையை நோக்கி விரலை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் விளங்கி, விரலை மடக்கிக்கொண்டேன்.

"அழகென்டா அழகு டீச்சர்," என்று நானா இடையில் புகுந்தார்.

"அழகாத்தான் இருக்கும் நானா. பூட்டின வீட்டுக்கு வெளியால நிண்டுகொண்டு, உள்ளுக்குக் கலியாணம் நடக்குது எண்டு கேள்விப்படுற மாதிரி இருக்கு எனக்கு."

திரும்பி வந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். புகையையும் வீணையையும் நானா விடமாட்டார், ஆகவே அவை இருந்தன. மெனுவைத் தந்திகளுக்கு வெளியே எடுத்து, சாதாரண லிங்க்காகவும் வைத்தேன். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் அந்தக் குரல் வாசிப்பதற்கான விவரம் எழுதினேன். இரண்டாம் முறை போனபோது டீச்சர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"'வயலின், பிறவுன் கலர்' எண்டு எழுதியிருக்கிறீர். பிறவுனை வைச்சு நான் என்ன செய்யிறது? முழு சைஸோ முக்காலோ, என்ன மரம், என்ன தந்தி, அதைச் சொல்லும்."

நானாவிடம் கேட்டுக் கேட்டு அதையும் எழுதினேன். மூன்றாம் முறை எல்லாம் சரியாகப் போனது, கடைசிப் பக்கம் வரை.

"இதில 'மேப்' எண்டு சொல்லுது. பிறகு ஒண்டும் இல்லை."

"அது கடைக்கு வர்ற வழிங்க."

"அந்த வழியைத்தான் கேக்கிறன். எங்க?"

டீச்சரைக் கடைக்குக் கூட்டி வருவது அவருடைய அண்ணன் மகன். "நான் ரெண்டு வயலினை வாசிச்சுப் பாக்கிறதுக்குள்ள அவர் மூண்டுதரம் மணிக்கூடு பாத்திடுவார். பாக்கிறது எனக்குத் தெரியாது எண்டு அவருக்கு நினைப்பு. ஒருதரமாவது நான் தனிய வந்து, ஆறுதலா இருந்து, எனக்குப் பிடிச்சதை எடுக்கவேணும். நானாட்டச் சொல்லிப்போட்டன். அது நடந்தாத்தான் இந்த சைட் எனக்குச் சரி."

"இங்கிலீஷ்ல எழுதிப் போட்டுர்றேன் டீச்சர்."

"எழுதும். ஆனா இந்த மெசின் வெள்ளைக்காரன்ர வாயால எங்கட றோட்டுப் பேரைச் சொன்னா, நான் கொழும்புக்குத்தான் போய்ச் சேருவன். தமிழ் வாசிக்கவும் அதுக்குத் தெரியாது. நீர் உம்மட வாயால சொல்லும்."

3. போனைப் பிடித்துக்கொண்டு நடந்தது

அடுத்த நாள் முற்பகல் கண்டியில் குண்டசாலை பஸ் வந்து நிற்கும் இடத்தில் இறங்கி, கண்ணை முக்கால்வாசி மூடிக்கொண்டு, போனில் ரெக்கோர்டரைப் போட்டேன். பேசிக்கொண்டே நடந்தேன்.

"பஸ்ஸை விட்டு இறங்கியதும் லொத்தர்ச் சீட்டு விற்பவரின் மைக் சத்தம் கேட்கும். அது உங்கள் வலது காதுக்கு வரும்வரை திரும்புங்கள். நேரே நடந்தால் பேக்கரியில் பாண் வேகும் வாசம் வரும். அதைத் தாண்டியதும் நடைபாதை முடிந்துவிடும். குறுக்கே மணல்மூட்டை அடுக்கியிருக்கிறது. மார்பளவு உயரம். உள்ளே ஒருவர் நிற்பார். இடது ஓரமாக..."

தோளில் கை விழுந்தது. கண்ணைத் திறந்தேன். மணல்மூட்டையின் உள்ளே நிற்கும் சிப்பாய் வெளியே வந்திருந்தார்.

அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். கையில் போன். போனில், காவலரண் எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம் என்று சொல்லும் தமிழ்க் குரல். உள்ளே இருந்த சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அன்று வரவில்லை. "கண் தெரியாதவர்களுக்காக" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"எந்தக் கண் தெரியாதவர்? நீ கண்ணை மூடிக்கொண்டு வந்ததைத்தானே நாங்கள் பார்த்தோம்."

நான் செய்தது தவறா என்று எனக்கே தெரியவில்லை. வழி சொல்வது தவறில்லை. அந்த வழியில் இருப்பதைச் சொல்வது எப்படித் தவறாகும்? ஆனால் அவருடைய கதிரையில் நான் உட்கார்ந்திருந்தால் நானும் என்னைப் பிடித்து வைத்திருப்பேன் என்றும் தோன்றியது.

நானாவுக்குச் சொல்லியனுப்பினார்கள். கடையைப் பாதியில் விட்டுவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார். என் பக்கம் திரும்பி, "தம்பிக்கு ஈந்தீந்து இந்த எடம்தானா கெடச்ச?" என்றார். பிறகு சார்ஜன்டுக்குப் பக்கத்தில் நின்று ரெக்கோர்டிங்கை வரிக்கு வரி மொழிபெயர்த்தார். மணல்மூட்டை வந்தபோது ஒரு முறை என்னைப் பார்த்தார். அதையும் விடாமல் சொன்னார்.

"கண் தெரியாதவர்களும் உங்கள் கடைக்கு வருவார்களா?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

"எங்கட சாமான் பாக்க வாறதில்ல சேர். கேக்க வாறது."

சார்ஜன்ட் போனை என் பக்கம் தள்ளினார். பிறகு, "இந்த இடம் அதில் இருக்கக் கூடாது. எங்கேயும் இருக்கக் கூடாது" என்றார்.

எனக்கு எங்கிருந்தோ சிங்களம் வந்தது. "அப்படியென்றால் அவர் இதில் வந்து மோதிக்கொள்வாரே, சேர்."

"அது எனக்கும் விளங்குகிறது, மல்லி," என்றார், தம்பியைக் கூப்பிடுவதுபோல. ரெக்கோர்டிங்கை என் கையாலேயே அழிக்கச் சொன்னார்.

4. சொல்லக் கூடாத இடம்

அதன் பிறகு ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மேலாளர், அந்தப் பக்கத்தையே தூக்கிவிட்டு வேலையை முடி என்றார். நானா, "வழிய விடுங்க தம்பி. போன் நம்பரப் போடுவோம். டீச்சர் எறங்கின ஒடன கோல் எடுக்கட்டும், ஆள அனுப்புவோம்" என்றார். டீச்சரிடம் அதைச் சொன்னேன்.

"அப்ப திரும்பவும் ஒருத்தர் வந்து மணிக்கூடு பாப்பார்."

எல்லாரும் சொல்வது சரியாகவே இருந்தது. அதுதான் எனக்குப் பெரிய சிக்கல். மணல்மூட்டையைச் சொன்னால் நான் உள்ளே. சொல்லாவிட்டால் டீச்சர் அதில் மோதுவார். வழியே இல்லையென்றால் அவர் தளத்தை ஏற்கமாட்டார், எனக்கும் வேலை இல்லை.

கடைசியில், தெரிந்ததை அப்படியே சொல்வதென்று முடிவெடுத்தேன். கடையின் பின்னறையில் இருந்து மறுபடி பதிவு செய்தேன். பேக்கரி வரை பழையபடி. அதன் பிறகு: "இங்கே நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று நான் சொல்வதற்கில்லை. கைத்தடியை இடது பக்கமாகக் கொண்டுபோங்கள். அது எதிலும் தட்டாத இடத்தால் முன்னே நடந்து போங்கள்." மிச்ச வழியையும் கடை வாசல் வரை சொல்லி முடித்தேன்.

நானா அதைக் கேட்டுவிட்டு, "இதுக்கும் புடிப்பானுகளோ?" என்றார். தெரியாது என்றேன். இருவரும் சார்ஜன்டிடமே போனோம். அவர் நானாவின் மொழிபெயர்ப்போடு கேட்டார்.

"முன்னால் என்ன இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாய்?"

"சொல்லவில்லை, சேர்."

போனைத் திருப்பித் தந்தார். "சரி, போ," என்றார். அது அனுமதியா, துரத்தலா என்று திரும்பி வரும் வழி முழுக்க நானும் நானாவும் பேசிக்கொண்டோம். முடிவு கிடைக்கவில்லை. தளத்தில் ஏற்றிவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில், நான் சொன்ன வழியைப் போனில் ஏற்றி ஒரு காதில் வைத்தபடி, டீச்சர் கைத்தடியோடு கடை வாசலில் நின்றார். கூட யாரும் இல்லை. நானா அலுமாரியில் இருந்த வயலின் எல்லாவற்றையும் இறக்கினார். டீச்சர் ஒவ்வொன்றையும் வாசித்து, சில வயலின்களுக்கு முகம் சுளித்து, மத்தியானம் வரை இருந்து, பிடித்த ஒன்றை எடுத்தார். நானா அங்கேயே, வேலையை ஏற்றுக்கொண்டதாக என் தாளில் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு மனது ஆறவில்லை. மேலாளர் அந்தக் குரலை மாற்றி, அறிவிப்பாளர் ஒருவரைக் கொண்டு பேசவைக்கச் சொல்லியிருந்தார். அதை டீச்சரிடம் சொன்னேன்.

"ஏன், உம்மட குரலுக்கு என்ன?"

"மத்த எடமெல்லாம் பரவால்லீங்க. அந்த ஒரு எடத்துல நடுங்குது டீச்சர்."

"ஓம், நடுங்குது. லொத்தரைச் சொல்லேக்க இல்லை, பேக்கரியைச் சொல்லேக்க இல்லை. அந்த நடுக்கத்தைக் கேட்டுத்தான் நான் நிண்டனான். அறிவிப்பாளர் வடிவாச் சொல்லியிருந்தா நேர நடந்து போயிருப்பன். அதை மாத்தாதையும்."

மாற்றவில்லை. இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு, படத்துக்குப் பின்னால் விவரம் எழுதுவதை நான்தான் பழக்குகிறேன். சொல்லக் கூடாத இடம் வந்தால் அது இல்லாததுபோலத் தாண்டிப் போகாதீர்கள், இங்கே ஏதோ இருக்கிறது என்றாவது சொல்லுங்கள் என்பேன். அவ்வளவு எனக்கு உறுதியாகத் தெரியும். நடுக்கத்தை எப்படி எழுத்தில் போடுவது என்று ஒருவர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.