கத்தி கீறிய புன்னகை

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால் முதலில் என் மூச்சின் சூடு. பிறகு கேமராப் பெட்டியின் பழைய மர வாசம். பிறகுதான், கண்ணாடியில் தலைகீழாக, சேலைகள்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின தீபாவளி சமயம். நண்பர்களே, உங்களில் சிலர் அந்த இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். வடக்குமாசி வீதியில் ஒரு மாடி. அங்கே என் ஸ்டூடியோ. மின்விளக்கு கிடையாது. கூரையில் பதித்த கண்ணாடி, அதற்குக் கீழே கயிற்றை இழுத்தால் நகரும் வெள்ளைத் துணி. மேற்கே ஒரு ஜன்னல். கல்லூரி நூலகத்தில் பார்த்த ஓவியப் புத்தகங்களின் நிழல்களை எல்லாம் தலைக்குள் வைத்துக்கொண்டு அப்படி ஒரு முகத்துக்காகக் காத்திருந்தேன்.

வந்தது சுங்குடிச் சேலை.

ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் காலண்டருக்குப் படம் கேட்டார். வீட்டுப் பெண்கள் இதற்கெல்லாம் நிற்க மாட்டார்கள். அதனால் நாடகக் கம்பெனியில் ராணி வேஷம் கட்டும் கோகிலத்தைக் கூட்டி வந்திருந்தார்.

"புள்ளி தெரியணும் தம்பி. கரை தெரியணும். முந்தானையை விரிச்சுக் கையில போட்டு நிக்கட்டும். மூஞ்சியில மட்டும் நிழல் விழுகக் கூடாது. பாதி மூஞ்சிக்கு நான் எதுக்கு முழுக் காசு குடுக்கணும்?"

கோகிலம் நின்றாள். விரித்தாள், சிரித்தாள். சேலை மாற்றி வந்தாள். விரித்தாள், சிரித்தாள்...

முதலாளி காப்பி குடிக்கக் கீழே இறங்கினார். நான் கூரைத் துணியை இழுத்து மூடினேன். ஜன்னல் வெளிச்சம் மட்டும். அவள் முக்காலியில் உட்கார்ந்து கால்விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பாதி முகத்தில் வெயில். மறுபாதி இருந்தும் இல்லாமலும்.

"அப்படியே இருங்க."

"சிரிக்கவா அண்ணே?"

"வேணாம்."

"அப்பாடி," என்றாள்.

அந்தப் படம்.

மாதிரிக்கு எடுக்கும் பிரதியை அப்போது மருந்தில் நிலைநிறுத்தாமல்தான் கொடுப்போம். வெளிச்சத்தில் பார்க்கப் பார்க்கக் கறுத்துவிடும். நல்ல படம் வேண்டுமானால் திரும்ப வரவேண்டும். அதுதான் தொழிலின் வழக்கம். அப்படி ஒன்றைக் கோகிலம் கேட்டு வாங்கிப் போனாள். இன்னொன்றை முதலாளியிடம் காட்டினேன். திட்டு விழும் என்று நினைத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"இது நல்லாத்தேன் இருக்கு. இதையே காலண்டருக்குப் போட்டுருவோம். கொஞ்சம் ரிப்பேர் மட்டும் பாத்துருங்க தம்பி."

அன்று வைகைப் பாலத்தில் அங்குமிங்கும் நடந்தேன். என் நிழலும் அவர் வியாபாரமும் ஒரே கண்ணாடித் தட்டில் சேர்ந்துவிட்டன என்ற மகிழ்ச்சியில்.

ரிப்பேர் தொடங்கியது. அப்போது கண்ணாடித் தட்டுதான் நெகட்டிவ்; அதன் மேல் மெல்லிய பென்சிலால் தீற்றினால் படத்தில் அந்த இடம் வெளுக்கும். முதலில் கண்ணுக்குக் கீழே இருந்த கருமை. "இன்னும் கொஞ்சம்." பிறகு கன்னம். "சேலை விக்கணுமா, சோகத்தை விக்கணுமா?" பிறகு கழுத்து. ஒவ்வொரு முறையும் அவர் கேட்டது கொஞ்சம்தான். கடைசியில், "வாயி மட்டும் ஒரு மாதிரி இருக்கு. லேசாச் சிரிச்சா என்ன?"

சிரிப்புக்குப் பென்சில் போதாது. கத்தி வேண்டும். தட்டில் சுரண்டினால் படத்தில் கறுப்புக் கோடு விழும். உதட்டின் இரண்டு ஓரங்களிலும் மேல்நோக்கி ஒரு கீறல். அதற்கு முன் கறுக்காத பிரதி ஒன்று போட்டு வைத்திருக்கலாம். தோன்றவில்லை. திருத்திய முகம்தான் நல்ல முகம் என்று அதற்குள் எனக்கும் பட ஆரம்பித்திருந்தது.

காலண்டர் பரவியது. சோழவந்தான் வெற்றிலைக் கடைகளில், ஒத்தக்கடைக் காப்பிக் கடையில், எங்கும் கோகிலம் சிரித்தாள். எனக்கு ஆர்டர் குவிந்தது.

பிறகொரு மாசியில் அவள் வந்தாள். நாடகக் கம்பெனி கொழும்புக்குப் போகிறது, திரும்பி வர எம்புட்டு நாளாகுமோ என்றாள். கீழக்குயில்குடியில் அக்கா வீட்டில் வளரும் மகளுக்கு ஒரு படம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

"காலண்டரைக் காட்டி இதுதான்டி ஒங்க ஆத்தான்னா சிரிக்கிறா. இது சேலைக்காரியாம். எனக்கு அந்தப் படம் வேணும்ணே. நான் சிரிக்காம இருந்தது."

துணிச் சுருளைப் பிரித்து அந்த மாதிரிப் பிரதியை எடுத்தாள். மகள் வரும்போது மட்டும் திறந்து காட்டிவிட்டு உடனே சுற்றி வைப்பாளாம். இருந்தும் கறுத்துவிட்டது. நெற்றியும் ஒரு காதின் ஓரமும் மட்டும் மிச்சம்.

தட்டை எடுத்தேன். டர்பன்டைனில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பென்சில் கரைந்தது. கருமை வந்தது, கன்னத்தின் நிழல் வந்தது. கீறல் அப்படியே இருந்தது. அச்செடுத்துப் பார்த்தபோது, களைத்த கண்களுக்குக் கீழே கத்தி போட்ட சிரிப்பு.

அவள் பார்த்தாள். "புள்ள பயந்துரும்," என்றாள்.

"உக்காருங்க. இப்பவே வேற எடுக்கிறேன்."

அதே ஜன்னல், அதே முக்காலி. கூரைத் துணியை மூடினேன். கறுப்புத் துணிக்குள் போய்ப் பார்க்கிறேன்... அவள் கை தானாக எழுகிறது. முந்தானை விரிகிறது. வெளிச்சம் விழும் பக்கம் முகம் முழுதாகத் திரும்புகிறது. உதடு லேசாக மேலே.

"ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருங்க."

"சும்மாத்தானே அண்ணே இருக்கேன்," என்றாள்.

அதைத்தான் எடுத்தேன். அதைத்தான் வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது யுத்தமும் முடிந்துவிட்டது. ஸ்டூடியோவுக்கு மின்விளக்குகள் வந்துவிட்டன. மேற்கு ஜன்னலை மறைத்து ஒரு பீரோ நிற்கிறது. வீட்டுப் பெண்களும் கூச்சமில்லாமல் படமெடுக்க வருகிறார்கள். எப்படி நிற்க வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. முந்தானையைத் தாங்களே விரித்துக் கையில் போட்டுக்கொள்கிறார்கள். உதடு லேசாக மேலே போகிறது.

"மூஞ்சியில நெழல் விழாமப் பாத்துக்கங்கண்ணே," என்கிறார்கள்.

சரி என்று விளக்கைத் திருப்புகிறேன்.