முதுகில் ஒரு வெதுவெதுப்பு

ஐயம்பேட்டையை விட்டுக் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் முதுகு சூடாக இருப்பது தெரிந்தது. மார்கழி விடியல். அறைக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள், காலி செய் என்றார்கள், செய்தேன். பையில் இரண்டு சட்டை, பல கை மாறி என்னிடம் வந்த ஒரு லேப்டாப். பனி படக்கூடாதென்று அதைத் துண்டில் இறுக்கிச் சுற்றியிருந்தேன்.

லேப்டாப்புக்குள் ஒரு சேலைக் கரை டிசைன் இருந்தது. கோபுரத்துப் பொந்துகளில் உட்கார்ந்திருக்கும் புறாக்களைக் கட்டம் கட்டமாக வரைந்திருந்தேன். காஞ்சிபுரத்தில் தறிகளுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் கடையில் ஆள் தேடினார்கள். கரையைக் காட்டினால் வேலை. ஒன்பதாவதோடு நின்றவனிடம் காட்டுவதற்கு வேறெதுவும் இல்லை.

தூங்கும் குழந்தையைச் சுமப்பதுபோல அந்தச் சூடு சுகமாக இருந்தது. மெல்லிய இரைச்சல் ஒன்றும் கூடவே வந்தது. பனிக்கு அப்பால் எங்கோ தறி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அரைத்தூக்கத்தில் நடந்தேன். புறாக்கள் கரையிலிருந்து எழும்பி வயல்மேல் போவதும் திரும்பி வந்து கட்டங்களில் உட்காருவதுமாக இருந்தன. காஞ்சிபுரம் நெருங்கியபோது இரைச்சல் நின்றிருந்தது.

கடை நடத்திய அக்கா லேப்டாப்பை வாங்கியதும் கையை உதறினார்.

“என்னப்பா, பையில இட்லி வேக வச்சிக்கினு வந்தியா?”

திறந்தார். திரை கறுப்பாக இருந்தது. தன் சார்ஜரைச் செருகித் திரை வரும்வரை காத்திருந்தார்.

“மூடித்தான்கா வச்சிருந்தேன்” என்றேன்.

“மூடுனா தூங்கிடுமா? உள்ள இருக்கிற சிஸ்டம் தூங்க உடணுமில்ல. எப்ப ஓடணும், எப்ப சும்மா கெடக்கணும்னு அதுதான் பிராசஸருக்குச் சொல்லுது. உன் போன்லேர்ந்து நெட்டு எடுத்து வழியெல்லாம் அப்டேட் இறக்கிக்கினு இருந்திருக்குது பாரு. நீ வேற ஃபுல் ஸ்பீடுல வச்சிருக்கிற.”

“வரையும்போது இழுக்குதுன்னு வச்சேன்.”

“அதுக்குமேல துண்டு. சூடு எங்கப்பா போவும்? அதுக்கு ஃபேன் சுத்தும், அதுக்கும் சார்ஜுதான் செலவு.”

நான் கேட்டது தறிச் சத்தம் இல்லை.

சேமித்துவிட்டு மூடும் பழக்கம் எனக்கு இல்லை. மூடினால் அப்படியே இருக்கும், திறந்தால் அப்படியே வரும் என்று இருந்தேன். சார்ஜ் தீர்ந்து அணைந்ததில் எப்போதோ சேமித்தது மட்டும்தான் மிஞ்சியது. வெறும் கட்டங்கள், ஓரத்தில் ஒரு புறா.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் உக்காந்துக்கினு இருக்குது. மத்ததெல்லாம்?”

“பறந்துட்டுதுக்கா.”

சிரித்தார். ஆனால் பார்க்காத கரையை நம்பி வேலை தர முடியாது என்றார். “திரும்பப் போட்டுக் கொண்டா. அதுவரைக்கும் பின்னால சாயப்பட்டறையில ஆள் கேட்டாங்க, போறியா?”

கிளம்பும்முன் லேப்டாப்பை முழுதாக அணைத்துக் கொடுத்தார். அன்றிரவு பஸ் ஸ்டாண்டில் அதைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். கல்போலச் சில்லென்று இருந்தது. முதுகில் குளிர் ஏறியபோது காலைச் சூட்டுக்கு மனசு ஏங்கியது.

மறுநாள் காலை சாயப்பட்டறையில் சேர்ந்தேன். பட்டு நூல் முங்கிக்கிடந்த பெரிய அண்டாவின் அடியில் விறகு தள்ளுவதுதான் வேலை. தண்ணீர் கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது என்றார்கள். ஒரு விறகைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டு, அடுப்பருகே உட்கார்ந்தேன்.