கொலர் அக்காவின் கழுத்தில் கிடந்த கட்டை

பிள்ளைகளே, அது உள்ளங்கை அளவான ஒரு மரக்கட்டை. சிவப்புப் பெயின்ற் பூசி, துளை போட்டு, கழுத்தில் மாட்டக் கயிறு கோத்திருந்தார்கள். கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் சட்டைகளுக்கு அயன் பண்ணிய சேட்டுத் தொழிற்சாலையில், ஒரு தையல் வரிசைக்கு ஒரு கட்டைதான். அதைக் கழுத்தில் மாட்டினால்தான் ஒருத்தி கதிரையை விட்டு எழும்பிக் கழிப்பறைக்குப் போகலாம். போனவள் திரும்பி வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும்.

அந்த வரிசையில் சட்டைக் கழுத்துக்குக் கொலர் தைத்தவரை எல்லோரும் கொலர் அக்கா என்றே கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்தவர். சண்டைக்காலம். மகன் கொழும்பில் தடுப்புக்காவலில் இருந்தான்; ஞாயிற்றுக்கிழமைகளில் சோற்றுப் பார்சலோடு போய் அவனைப் பார்ப்பார். வடக்கிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் தங்குவதற்குப் பொலிசுக்குக் காரணம் காட்ட வேண்டும். அவர் காட்டக்கூடிய காரணம் இந்த வேலை ஒன்றுதான். வேலை போனால் மகனைப் பார்ப்பதும் போய்விடும்.

ஐம்பதை நெருங்கும்போது பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிற காலம் வரும். இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை, நீங்களும் வெட்கப்படாமல் படியுங்கள். சிலருக்கு அது இலேசாகப் போய்விடும். அவருக்கு அப்படிப் போகவில்லை. திடீரென்று முகம் சிவந்து வேர்த்துக் கொட்டும். சில நாட்களில் இரத்தம் நிற்காமல் போகும். குண்டுப் பயத்தில் தெருப்பக்க ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்ததால் காற்றும் வராது. "கொலர் அக்காவுக்கு மட்டும் தனிச் சூரியன்" என்று பெட்டைகள் பகிடி பண்ணுவார்கள். "ஓமடி, வாடகை கேக்காமல் ஆண்டவன் தந்திருக்கிறான்" என்று அவரும் சிரிப்பார். சிரித்தபடியே கொலரில் வேர்வை விழாமல் துவாயால் துடைப்பார்.

பக்கத்து மெஷினில் தைத்தவர்தான் உங்கள் அம்மா. அப்போது எங்களுக்குக் கலியாணம் ஆகவில்லை. அக்கா அவரிடம் மட்டும், "உள்ளுக்கு அடுப்பு மூட்டின மாதிரிக் கிடக்கு பிள்ளை. சீலை நனைஞ்சிடுமோ எண்ட பயத்தில தையல் கோணலாப் போகுது" என்று சொல்லி அழுதாராம். நாங்கள் இருவரும் மனேஜரிடம் போனோம். பின்பக்க ஜன்னலடியில் அவருக்கு ஒரு இடமும், கட்டைக்குக் காத்திராமல் எழும்பிப் போக அனுமதியும் கேட்டோம்.

"வயசு போனா வீட்டில இருக்கிறதுதானே. இதென்ன ஆஸ்பத்திரியா?"

"சேர், காய்ச்சலுக்கு லீவு தாறீங்கள், பிள்ளை பெத்தவளுக்குத் தாறீங்கள். இதுவும் உடம்புதானே?" என்றார் உங்கள் அம்மா.

"அதெல்லாம் சட்டத்தில இருக்கு. இது இல்லை" என்று அவர் ஃபைலை இழுத்துக்கொண்டார். சட்டத்தில் இல்லாதது உடம்பிலும் இருக்காது என்பதுபோல அந்த மனுஷன் இருந்தார்.

பிறகு ஒருநாள் காலை நல்ல மழை. வேலைக்குப் போகிற வழியில், ஆமிச் சென்ரியில் சோதனைக்கு வரிசையாக நின்றோம். எல்லோரும் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, குடைக்குள் நின்ற அக்காவின் முகத்தில் வேர்வை ஓடியது. ஆமிக்காரன் அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "குளிருக்குள்ளே ஏன் வேர்க்குது? எதை மறைக்கிறாய்?" என்று சிங்களத்தில் கத்தினான். ஆண்கள் வரிசையிலிருந்து நான், "ஐயா, அவருக்குச் சுகமில்லை" என்று சிங்களத்தில் சொன்னேன். என்ன சுகமில்லை என்று கேட்டான். அந்த உடம்பு வருத்தத்துக்கு அப்போது எனக்குத் தமிழிலேயே ஒழுங்கான சொல் தெரியாது. சிங்களத்தில் எங்கே போவேன்? தோளில் மாட்டியிருந்த துவக்கின் பின்பக்கத்தால் என் நெஞ்சில் தள்ளினான். அக்காவை மண்மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.

பின்னேரம்தான் விட்டார்கள். அவர் பயந்த மாதிரியே சீலை இரத்தத்தில் நனைந்திருந்தது. அந்தக் கோலத்திலேயே வேலைக்கு வந்து, உட்காரும் முன்னமே கட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் ஓடினார். மனேஜர் வாசலில் மறித்தார். "வந்ததே பின்னேரம், வந்த உடனே கட்டையா? நாளையிலிருந்து வர வேண்டாம்." அக்கா, "சேர், என்ர பிள்ளை உள்ளுக்கு இருக்கிறான்" என்று மட்டும் சொன்னார். மனேஜர் திரும்பிப் போய்விட்டார். அக்கா துவாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு படியிறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் படியில் காலடி கேட்டது. அக்காதான். கட்டை கழுத்திலேயே கிடந்ததாம், கேற்றடியில்தான் கண்டாராம். அதைக் கழற்றி உங்கள் அம்மாவின் கையில் வைத்தார்.

"இந்தா பிள்ளை. நீங்களெல்லாம் போக வேணுமெல்லே."

பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை. வேலை இல்லையென்று பொலிசார் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பிள்ளை யாரைப் பார்த்துக் காத்திருந்தானோ.

நேற்று உங்கள் அம்மா கடை வேலை முடிந்து சட்டை வேர்வையில் நனைய வந்ததைக் கண்டீர்கள். அவருக்கும் அந்த வயது வந்துவிட்டது. ஃபேனடியில் இருக்கக் கேட்டாராம். "அப்படி ஒரு றூல் இல்லையே அக்கா" என்றானாம் பொறுப்பாக நிற்கிற பெடியன். அந்தக் கடையில் மரக்கட்டை கிடையாது. ஆனாலும் உங்கள் அம்மா அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வெறும் கழுத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.