குங்குமம் வைத்த டிஸ்க்குகள்

மதிவதனிக்கு அருவருப்பு வந்தால் பேச மாட்டாள். மூக்கின் ஓரம் லேசாகச் சுருங்கும், அவ்வளவுதான். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். பிள்ளைப்பாக்கத்துப் பெண், கம்ப்யூட்டர் படித்தவள். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், சர்வர் நின்றாலும் அவளைத்தான். அதனால் எல்லோருக்கும் அவள் 'சிஸ்டம் மேடம்'. 2014இல் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. இது அதற்கு இரண்டு ஆண்டு முன்பு நடந்தது.

ஆயுத பூஜை முடிந்து மறுபடி வேலை தொடங்கிய காலை. சர்வர் அறை வாசலில் உடைத்த பூசணிக்காய் அழுகிக் கிடந்தது. குங்குமத் தண்ணீர் வழிந்து காய்ந்த இடத்தில் ஈ மொய்த்தது. தாண்டி உள்ளே போனால் சந்தன வாடை. சர்வரில் வரிசையாக நான்கு டிஸ்க்குகள், ஒவ்வொன்றின் முகத்திலும் சந்தனம், நடுவில் குங்குமம். மின்விசிறிச் சல்லடையில் பொரி ஒட்டியிருந்தது. திரையில் ஒரு கோப்புகூடத் தெரியவில்லை.

லைன் சூப்பர்வைசர் பரசுராமனைக் கூப்பிட்டாள். அவரும் அவளுடைய ஊர்தான்.

"பரசண்ணா, இதுக்கு யாரு பொட்டு வெச்சது?"

"நான்தாம்மா. இன்னா தூசி! ஒவ்வொண்ணா உருவி, ஈரத்துணியில தொடச்சி, பொட்டு வெச்சி, திரும்ப சொருவிட்டேன். ஒரு மிசினயும் வுடல."

"ஓடிக்கினு இருக்கும்போதா?"

"லைட்டு எரிஞ்சிகினுதான் இருந்துச்சி. சாமி கும்புட சொல்ல லைட்டு எரிஞ்சா நல்லதுதானே?"

அவரைத் திட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை. நான்கு டிஸ்க்கிலும் தகவலைப் பிரித்து எழுதி வைக்கும் 'ரெய்டு' என்ற ஏற்பாடு அது. ஒன்று போனால் மற்ற மூன்றும் ஈடு கொடுக்கும். இரண்டு போனால் எல்லாம் போச்சு. அவர் முதல் டிஸ்க்கை உருவியபோது தாங்கிக்கொண்டது, திரும்பச் சொருகியது மற்றவற்றோடு சேருமுன் அடுத்ததை உருவியபோது படுத்துவிட்டது. தனியாக ஒரு நகல் வேண்டும் என்று அவள் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தாள். "நாலு டிஸ்க் இருக்கே, அப்புறம் எதுக்கு நகல்?" என்பது மேனேஜர் கோதண்டராமனின் பதில்.

உள்ளே இருந்தவை, அனுப்பத் தயாராக அடுக்கியிருந்த பிரேக் பாகங்களின் சோதனை அளவுகள். வாங்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இரண்டு நாளில் வந்து அவற்றைப் பார்த்த பிறகே சரக்கு வெளியே போகும்.

கோதண்டராமன் தட்டில் பூஜைச் சுண்டலோடு வந்தார். கூடவே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நயினார், தெற்கத்திக்காரர்.

"இது ஒண்ணுமில்ல மேடம்," என்றார் நயினார். "நாலையும் வச்சு புதுசா ஒரு ரெய்டு க்ரியேட் பண்ணிருவோம். சின்ன சோலி. என்னத்துக்குப் பயப்படுதீய?"

"எது முதல்ல கழண்டுதுன்னு தெரியுமா உங்களுக்கு? தப்பா சேர்த்தா பழைய டேட்டா மேலயே புதுசா எழுதிடும். அப்புறம் தலைகீழா நின்னாலும் வராது."

கோதண்டராமன் மென்றபடியே சிரித்தார். உதட்டோரம் கடலைத் தோல். "வரலன்னா போகட்டும்மா. நம்ம பசங்கள விட்டு டைப் பண்ணிக்கலாம். கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைச்சிப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

பக்கத்து அறையில் பசங்கள் ஏற்கெனவே தொடங்கியிருந்தார்கள்.

"இதுக்கு எவ்ளோடா போட?"

"உன் பத்தாவது மார்க்கைப் போடு."

"அப்போ பிரேக்கே பிடிக்காதுடா!"

பெரிய சிரிப்பு. மதிவதனியின் மூக்கோரம் சுருங்கியது. நயினாரிடம் புதிய டிஸ்க்குகளை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைத் தாழிட்டாள்.

மூலத்தில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது, அதுதான் அவள் வைத்துக்கொண்ட விதி. ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படியே புதியதற்கு நகலெடுத்தாள். ஒன்று அசையவே இல்லை. கழற்றிப் பார்த்தால் இணைப்பு முனையில் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் சுரண்டச் சுரண்ட மஞ்சளாக வந்தது. நகலெடுத்து முடிய மறுநாள் ஆனது. அதன் பிறகு, தம்மில் எத்தனை முறை எழுதப்பட்டது என்று டிஸ்க்குகள் தமக்குள் வைத்திருக்கும் கணக்கைப் படித்தாள். மூன்று ஏறக்குறைய ஒன்றாக நின்றன, ஒன்று மட்டும் பின்தங்கியிருந்தது. முதலில் உருவப்பட்டது அதுதான். அதை ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்றின் நகல்களை மட்டும் வற்புறுத்திச் சேர்த்து, படிக்க மட்டும் திறந்தாள்.

எல்லாம் இருந்தன. ஒவ்வொரு கோப்பும் திறந்தது. அளவுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். ஐந்து பெட்டிச் சரக்கு வரம்புக்கு வெளியே இருந்தது. எப்படிப் பார்த்தாலும் தேறாத சரக்கு.

கோதண்டராமனிடம் காட்டினாள்.

"பரவால்லையே, கெட்டிக்காரிதான்!" என்றார். கீழே அந்த ஐந்து பெட்டியின் அளவைப் பார்த்ததும் குரல் மாறியது. "ஆனா இது வேணாம். பசங்க போட்டதே நீட்டா இருக்கு."

"சார், அது பிரேக்கு."

"நீ சிஸ்டத்தைப் பாரு. குவாலிட்டி என் தலைவலி."

மதிவதனி அங்கே நிற்கவில்லை. நேரே கிடங்குக்குப் போனாள்.

"பரசண்ணா, இந்த அஞ்சு பெட்டியும் வெளிய போகக் கூடாது. அளவு தப்பு. நானே பார்த்தேன்."

பரசுராமன் அவள் முகத்தைப் பார்த்தார். ஐந்தையும் இறக்கி, கழிவுக் கூண்டில் வைத்து, தேறாத சரக்குக்கான சிவப்பு அட்டையைக் கட்டினார்.

கோதண்டராமன் மூச்சிரைக்க வந்தார். "யோவ், யாரைக் கேட்டு எறக்குன?"

"செவப்பு அட்டை வுழுந்திடுச்சி சார். உங்க கையெழுத்து இல்லாம எடுக்கக் கூடாதுன்றது நீங்க போட்ட ரூல்தான். போடுங்க, இப்பவே ஏத்திடறேன்."

மேனேஜர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். ஐந்து பெட்டிகளையும், சுற்றி நின்றவர்களையும் பார்த்தார். கையெழுத்துப் போட்டால் நாளைக்கு எது நடந்தாலும் அவர் பெயர்தான் வரும். மூடியைப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

மிச்சப் பெட்டிகளெல்லாம் சரியானவை. ஆகவே ஆய்வாளர்கள் வந்தபோது அவர் உண்மையான அளவுகளையே காட்டினார். "எங்க டேட்டா எப்பவும் பத்திரம் சார்," என்று சொல்லிக்கொள்ளவும் அவருக்குக் கூச்சமில்லை.

அவர்கள் போனதும் பசங்கள் டைப் அடித்த பொய்க் கோப்பை அழிக்கச் சொன்னார். மதிவதனி அழித்தாள். வெறுமனே அழித்தால் போதாது என்று, அதன் மேல் சுழியங்களாக எழுதி, இன்னொருமுறை எழுதி, தன்னாலேயே மீட்க முடியாதபடி அழித்தாள்.